மூன்றாம் படியில் ஒந்தினா

புதன்கிழமை சாயங்காலம் ஒந்தினா பெகேரோ கிறிஸ்துமஸ் சோற்றுக்காகப் பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தபோது மூன்று பேர் அவள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பை ஆரஞ்சு. கூடவே ஒரு அட்டைப் பெட்டி. மூன்று பேரும் குளித்து, தலை வாரி, பூசைக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார்கள். பார்த்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் எங்கள் ஊரில் இப்படி வரமாட்டார்கள். தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வருவார்கள்.

முன்னால் நின்றவன் சிச்சி. மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன்; பேஸ்பால் மைதானத்தில், முதல் பேஸ் பக்கத்துக் காலரியில், தம்போரா மேளம் அடிக்கிறவனும் அவனே. அவனுக்குப் பின்னால் கணக்கு வாத்தியார் எரிபெர்த்தோ, கக்கத்தில் ஒரு நோட்டு. இரண்டு பேருக்கும் பின்னால், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், தொமசீனா. இந்தத் தொமசீனா யாரோ எவரோ அல்ல. ஒந்தினாவின் மூத்த மகனுக்கு ஞானத்தாய். முப்பத்தைந்து வருஷமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொமாத்ரே என்றால் கொமாத்ரேதான்.

“தோன்யா ஒந்தினா, உடம்பு எப்படி இருக்கு? தையல் போட்ட இடம் இழுக்குதா?” என்று, வயசுக்கு மரியாதையாகத் ‘தோன்யா’ போட்டுச் சிச்சி ஆரம்பித்தான்.

“தையல் பிரிச்சுப் பத்து நாளாச்சு. விஷயத்துக்கு வா.”

“ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு...”

“காப்பி அப்புறம்.”

சிச்சி வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு நோட்டைத் திறந்தார். பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டு. சிவப்பு மையில் ஒரு கோடு, நீல மையில் ஒரு கோடு.

“இந்தப் பருவத்துல நம்ம மைதானத்துல இதுவரைக்கும் இருபத்து மூணு ஆட்டம். நீங்க வந்து உக்காந்தது பதினஞ்சு. அதுல நாம ஜெயிச்சது மூணு. நீங்க வராதது எட்டு. ஜெயிச்சது ஏழு.” நோட்டை மூடினார். “இது என் அபிப்பிராயம் இல்ல, தோன்யா. கணக்கு.”

ஒந்தினா ஒரு துவரங்காயை உடைத்தாள். உள்ளே ஐந்து துவரை மணிகள். கிண்ணத்தில் போட்டாள்.

“அதனால?”

“அதனால...” என்று சிச்சி குழைந்தான். “ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயிச்சா நாலாவது இடம். நாலாவது இடம் வந்தா அடுத்த சுத்து. பன்னெண்டு வருஷத்துல முதல் தடவை, தோன்யா! ஊரே தவிச்சுக் கெடக்கு. உங்களுக்கும் உடம்பு சரியில்ல. வெயில்ல எதுக்கு வந்து கஷ்டப்படணும்? வீட்டுல சௌகரியமா, கால நீட்டி...”

அட்டைப் பெட்டியைத் திறந்தான். உள்ளே புத்தம் புது ரேடியோ. காலரியில் எல்லாரும் சேர்ந்து வாங்கியதாம். பேட்டரியும் போட்டே கொண்டுவந்திருந்தார்கள், கரண்ட் போனாலும் பாடும் என்று சிச்சி பெருமையாகச் சொன்னான்.

சொல்லுகிற எனக்கே இந்த இடத்தில் கை துறுதுறுக்கிறது. ஒந்தினாவை ஆட்டத்துக்கு வராதே என்கிறார்கள். யாரை? எங்கள் ஊர் பொகா மான்சாவின் நண்டுகள் அணி கடந்த ஏழு பருவத்தில் ஐந்து தடவை கடைசி இடம். வெளியூர் ரசிகர்கள் ஒரு நண்டைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து காலரிப் படியில் நடக்கவிட்டு, “பாருங்கடா, உங்க ஆளு ரெண்டாவது பேஸுக்கு ஓடுறான்!” என்று சிரிப்பார்கள். தலைநகர் அணி எங்களைப் பதினேழுக்குப் பூஜ்யம் என்று அடித்துத் துவைத்த அன்று கடைசி இன்னிங்ஸில் அந்தக் காலரியில் மிச்சம் இருந்தவர்கள் முப்பது பேர் இருக்கும். அதில் ஒருத்தி ஒந்தினா. முதல் பேஸ் பக்கம், மூன்றாவது படி, இரும்புத் தூண் ஓரம். ஒரு கையில் சோற்றுச் சட்டி மூடி, மறு கையில் கரண்டி. நண்டுகளில் ஒருவன் பந்தைத் தொட்டாலே போதும், அவள் மூடியை அடிப்பது சர்க்கரை ஆலை வரைக்கும் கேட்கும். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் முப்பத்தொரு வருஷம் நர்ஸ். இரவு வேலை முடித்து, வெள்ளை உடுப்போடு நேராக மைதானத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கில்லை. அந்தக் கணக்கை எந்த வாத்தியார் எந்த நோட்டில் எழுதினார்?

இந்த வருஷமும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. அக்டோபர் போனது, நவம்பர் போனது, நண்டுகள் அடியில் கிடந்தார்கள். டிசம்பர் முதல் வாரம் ஒந்தினாவுக்குப் பித்தப்பையில் கல் என்று வயிற்றைத் திறந்தார்கள். அதே வாரம் எங்கள் ஊர்ப் பையன் நிக்கானோர் அமெரிக்காவில் பந்தெறிந்துவிட்டு, ஓய்வு முடிந்து, ஊருக்காக ஆட வந்துசேர்ந்தான். அதே வாரம் மானேஜர் வயசான கேட்சரை உட்காரவைத்துவிட்டு, பந்தைத் தவறவிடாத ஒருவனைப் போட்டார். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, நான்கு. வார்டில் பக்கத்துக் கட்டிலின் ரேடியோவில் கேட்டுக்கொண்டு, சிரித்தால் தையல் வலிக்கிறதென்று தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள் ஒந்தினா. அவ்வளவு சந்தோஷம்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை தோற்றோம். அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு இருமல், வரவில்லை; ஒன்பது ரன் எடுத்து ஜெயித்தோம். சனிக்கிழமை வந்தாள், தோற்றோம். அந்த இரண்டு தோல்வியும் நிக்கானோர் தோள்வலி என்று பந்தெறியாத நாட்கள். இதை யாராவது நோட்டில் எழுதினார்களா? மாட்டார்கள். நிக்கானோர் வராததற்குக் காரணம் தோள். தோற்றதற்குக் காரணம் ஒந்தினா. நம் ஆட்களின் மூளை அப்படித்தான் ஓடும்.

“ஆக, நான் ராசி இல்லாதவ,” என்றாள் ஒந்தினா.

“அப்படி யாரும் சொல்லல...”

“சிச்சி, இங்க பாரு. நீ பொறக்கும்போது கால் முன்னால வந்துச்சு. உங்கம்மா நாலு மணி நேரம் கத்தினா. டாக்டர் தலைநகர்ல யாரோ கல்யாணத்துல ஆடிக்கிட்டு இருந்தான். உன்ன வெளிய இழுத்தது இந்தக் கை. அன்னிக்கு இந்தக் கைக்கு ராசி இருந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லிட்டுப் போ.”

சிச்சி நியாயமாக யோசித்துப் பார்த்தான். “அது வேற, தோன்யா,” என்றான். “அது பிரசவம். இது பேஸ்பால்.”

ஒந்தினா அவனை விட்டுவிட்டுப் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். “கொமாத்ரே, நீ வாயே தொறக்கல.”

தொமசீனாவின் கண் கலங்கியது. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் கொமாத்ரே. சத்தியமா சொன்னேன். ஆனா போன வாரம் செவ்வாய்க்கிழமை நீங்க இருமிக்கிட்டுப் படுத்திருந்தீங்க, ஒம்பது ரன் வந்துச்சே. என் ரெண்டு கண்ணால பாத்தேனே. நான் என்ன பண்ணட்டும்?”

ஒந்தினா எழுந்தாள். துவரங்காய்த் தோல் நிறைந்த முறத்தை எடுத்து அவர்கள் மூன்று பேர் தலையிலும் கொட்டினாள். பூசைச் சட்டையெல்லாம் தோல். மூன்று பேரும் தெருவுக்கு இறங்கி ஓடினார்கள். ஆரஞ்சும் ரேடியோவும் அங்கேயே கிடந்தன.

அன்று ராத்திரி முழுக்க அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சட்டியைக் கழுவினால் சட்டியைத் திட்டினாள், கதவைச் சாத்தினால் கதவைத் திட்டினாள். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்ல வேண்டும். அவள் ஒன்றும் ராசி பார்க்காதவள் அல்ல. ஆட்டத்துக்குப் போகுமுன் சட்டியடியில் பிடித்த தீய்ந்த சோற்றைச் சுரண்டித் தின்னாமல் அவள் ஒரு நாளும் கிளம்பியதில்லை. அணி ஜெயித்த நாள் கட்டிய பாவாடையைத் தொமசீனா துவைப்பதில்லை. அணி ஜெயிக்க ஆரம்பித்தால், தோற்கும்வரை வாத்தியார் முகம் மழிப்பதில்லை. இந்த டிசம்பரில் தாடியோடுதான் அலைந்தார். எங்கள் காலரியில் இதெல்லாம் குளிப்பது, பல் தேய்ப்பது மாதிரி. அதனால்தான் அவளுக்கு இரட்டைக் கோபம். அவர்கள் சொன்னதில் பாதியை அவள் மனசே நம்பியது. ‘ஒருவேளை நான்தானோ?’ என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலின் வாயில் இரண்டு போட வேண்டும் போலிருந்தது.

வியாழக்கிழமை காலையில், வீணாவானேன் என்று ஒரு ஆரஞ்சை எடுத்துத் தோல் சீவினாள். பாதி சீவியதும் கத்தி நின்றுவிட்டது.

ஆரஞ்சு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவளும் ஒரு வீட்டுக்கு ஆரஞ்சு கொண்டுபோயிருக்கிறாள்.

அந்த வீடு உலிசெஸ் கஸ்தோதியோ என்பவருடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இரண்டாவது படியில், ஒந்தினாவுக்குச் சற்று முன்னால்தான் உட்காருவார். சத்தம் போடமாட்டார், ஆட்டத்துக்கு நடுவில் ஒரு தடவை, இரண்டு தடவை எழுந்துபோய்க் காப்பி வாங்கிக்கொண்டு வருவார். அவ்வளவுதான் அந்த மனிதர் செய்த குற்றம். அவர் எழுந்துபோகும்போதெல்லாம் எதிரணி ரன் எடுக்கிறது என்று ஒரு பருவத்தில் யாரோ கிளப்பிவிட்டார்கள். பத்துப் பேர் சொன்னதும் அது உண்மையாகிவிட்டது. “நீங்க சொன்னாத்தான் கேப்பாரு, நர்ஸம்மா” என்று ஒந்தினாவை அனுப்பினார்கள். அவளும் பெரிய காரியம் போல ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனாள். உலிசெஸ் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “ஊருக்கு நல்லதுன்னா சரி” என்றார். அவ்வளவுதான். அந்த வருஷமும் நண்டுகள் கடைசி இடம். அதற்கப்புறமும் கடைசி. ஆனால் திரும்பி வாருங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்ல ஒரு ஆளுக்குக்கூடத் தோன்றவில்லை. ஒந்தினாவுக்கும் தோன்றவில்லை. மறந்தே போனாள். அவரைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்லுவாள், மழையைப் பற்றிப் பேசுவாள்.

ஆரஞ்சை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

உலிசெஸ் வீடு துறைமுகத்துச் சுவரை ஒட்டி. எழுபத்து நாலு வயசு. வாசலில் மேசை போட்டு, கம்பியால் கட்டின ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முதல் வார்த்தையாக அவர் கேட்டது இது:

“வாங்க தோன்யா. தடைய எடுத்துட்டாங்களா?”

பதினொரு வருஷமாக அந்த மனிதர் யாராவது வந்து சொல்வார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். தடை என்று ஒன்று இருந்ததையே ஊர் மறந்துவிட்டது.

“ஆமா தோன் உலிசெஸ்,” என்றாள். “எடுத்தாச்சு.”

“யாரு எடுத்தது?”

“நான்தானே வந்து போட்டேன். நானே எடுக்கறேன்.” நாற்காலியில் உட்கார்ந்தாள். “என்ன மன்னிச்சிடுங்க. நான் செஞ்சது அயோக்கியத்தனம். அப்ப எனக்கு அது தெரியல. நேத்து என் வீட்டுக்கே ஆரஞ்சு வந்துச்சு, அப்புறந்தான் தெரிஞ்சது. பாருங்க, என் புத்திக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டிருக்கு.”

நடந்ததை எல்லாம் சொன்னாள். உலிசெஸ் வாத்தியாரின் நோட்டைப் பற்றிக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு யோசனையாக, “ஆனா தோன்யா,” என்றார், “ஞாயித்துக்கிழமை நான் வந்து தோத்துட்டா?”

“தோத்தா நாம ரெண்டு பேரும் இல்ல தோக்கறது. மைதானத்துல ஒம்பது பேர் நிக்கறாங்க இல்ல, அவங்க தோப்பாங்க.”

“நான் எந்திரிக்க மாட்டேன். காப்பிக்குக்கூட.”

“வாங்க, போதும்,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. போன வருஷம் நாய் படுத்துத் தூங்கின காலரியில் அன்று கால் வைக்க இடமில்லை. எங்கும் புதுத் தொப்பி, புதுச் சட்டை, பன்றி வறுவல் வாசனை. நண்டுகளின் சென்ற வருஷத்து ஆட்டக்காரர்களில் ஒருவர் பெயரைச் சொல் என்று கேட்டால் முழிக்கிறவர்கள் எல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் பேஸ் பக்கத்து வாசல் வழியாக ஒந்தினாவும் உலிசெஸும் கைகோத்து உள்ளே வந்ததும் அந்தச் சத்தம் படிப்படியாக நின்றதே, அதில்தான் வருத்தம். தம்போரா நின்றது. வயசானவர்கள் உலிசெஸை அடையாளம் கண்டுகொண்டு சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள்.

சிச்சி மேளத்தைக் கழற்றிவிட்டு ஓடி வந்து குறுக்கே நின்றான். “தோன்யா, உங்க காலப் புடிக்கறேன். நீங்க ஒருத்தர் வந்தாலே... இவரையும் எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? ஊரையே கவுக்கணும்னு வேண்டுதலா?”

“நகருடா.”

“அந்த ரேடியோ வேலை செய்யலையா?”

“நல்லா வேலை செய்யுது. நகரு.”

நகர்ந்தான். மூன்றாம் படியில் தூண் ஓரம் ஒரு புதுத் தொப்பிப் பெண் உட்கார்ந்திருந்தாள். ஒந்தினா எதிரே போய் நின்றாள். அந்தப் பெண்ணே எழுந்துவிட்டாள். மேலிருந்து யாரோ, “கெழவிய வெளிய அனுப்புங்கடா!” என்றான். குரலை வைத்தே ஒந்தினாவுக்கு ஆள் தெரிந்தது. எடை குறைவாகப் பிறந்து இருபது நாள் அவள் கண்காணிப்பில் பஞ்சுக்குள் கிடந்தவன். திரும்பிப் பார்க்கவில்லை அவள். மூடியை மடியில் வைத்துக்கொண்டாள்.

உலிசெஸ் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த ரெண்டாவது பேஸ் பக்கம் ஷார்ட் ஸ்டாப்பா நிக்கறானே, அவன் யாரு?”

“அவன்தான் வில்மோ.”

“வில்மோவா? இவ்வளவு குள்ளமா?” நம்ப முடியாமல் கண்ணைச் சுருக்கினார். “ரேடியோவுல உசரமா இருந்தான்.”

பதினொரு வருஷம் அவர் எல்லார் பெயரையும் கேட்டிருக்கிறார். ஒருவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ஒந்தினா மூடியின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், இல்லாவிட்டால் அழுதிருப்பாள்.

நான்காவது இன்னிங்ஸுக்குள் எதிரணி மூன்று ரன் எடுத்துவிட்டது. ஒவ்வொரு ரன்னுக்கும் காலரி மைதானத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் படியைப் பார்த்தது. கடலைத் தோல் வந்து விழுந்தது. பிறகு ஒரு ஆரஞ்சுத் தோல். உலிசெஸ் முழங்காலில் கை வைத்து, கோயிலில் உட்காருகிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒந்தினா நண்டுகளில் யார் பேட்டைத் தூக்கினாலும் மூடியை அடித்தாள். அவள் ஒருத்திதான் அடித்தாள். ஆறாவது இன்னிங்ஸில் குள்ள வில்மோ ஒரு நீளமான அடி அடித்தான். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஏழாவதில் இன்னும் இரண்டு. நாலுக்கு மூன்று. கடைசி இன்னிங்ஸில் நிக்கானோர், தோள்வலி போய், பன்னிரண்டு பந்து எறிந்தான். எதிரணியின் மூன்று பேரும் காற்றைத்தான் அடித்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? சர்க்கரை ஆலைச் சங்கு ஊதியது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சிச்சி ஓடி வந்து ஒந்தினாவின் இரண்டு கையையும் மாறி மாறி முத்தமிட்டான். ஐந்தாறு பேர் உலிசெஸைத் தோளில் தூக்கிக்கொண்டு படிக்கட்டு முழுக்க ஆடினார்கள். “தோன் உலிசெஸ்! நம்ம ராசிக்காரர்!” அவர் சிரித்தார், பாவம், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். “நான் அப்பவே சொன்னேன், அவரு நல்ல மனுஷன்னு” என்றான் ஒருவன். எப்போது சொன்னாய்? யாரிடம் சொன்னாய்? இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவன் அவரிடம் கேட்கவில்லை. தோற்றபோது வந்த கோபத்தைவிட ஜெயித்தபோது ஒந்தினாவுக்கு அதிகக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை காலையில் அதே மூன்று பேர் வந்தார்கள். இந்தத் தடவை தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்கள். கையில் சிவப்புத் துணி தைத்த ஒரு திண்டு. படியில் போட்டு உட்காரவாம்.

“தோன்யா! அடுத்த சுத்துல நம்ம மைதானத்துல முதல் ஆட்டம் ஞாயித்துக்கிழமை,” என்றான் சிச்சி மூச்சு வாங்க. “ஒண்ணும் மாத்தக்கூடாது. அதே எடம். தோன் உலிசெஸ் உங்களுக்கு எடது பக்கம், நேத்து மாதிரியே. அவரு எந்திரிக்கவே கூடாது. அப்புறம் நேத்துப் போட்டிருந்த அந்தப் பச்சைப் பூப்போட்ட கவுன்...”

“நோட்டுல குறிச்சு வச்சிருக்கேன்,” என்றார் வாத்தியார்.

“அதத் துவைச்சிடாதீங்க கொமாத்ரே,” என்றாள் தொமசீனா கெஞ்சலாக. “அப்படியே மடிச்சு...”

அப்போதுதான் மூன்று பேரும் கொடியைப் பார்த்தார்கள். பச்சைப் பூப்போட்ட கவுன் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. தொமசீனா வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார், “ஐயோ,” என்றார்.

ஒந்தினா போய் அதன் கைப்பகுதியைப் பிடித்து இன்னொரு தடவை பிழிந்தாள்.

“போச்சா உங்க ராசி? இப்ப நான் சொல்றதக் கேளுங்க. ஞாயித்துக்கிழமை வருவேன். வேற கவுன் போட்டுக்கிட்டு வருவேன். அவரும் வருவாரு, அவரு இஷ்டப்பட்ட பக்கம் உக்காருவாரு. ஜெயிச்சாலும் வருவோம், தோத்தாலும் வருவோம். என்னைய வரவேண்டாம்னு சொல்லவும் நீங்க யாரு, வந்தே ஆகணும்னு சொல்லவும் நீங்க யாரு? முதல்ல மூணு பேரும் தோன் உலிசெஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. நான் கேட்டாச்சு.”

“அவருதான் நேத்து சந்தோஷமா இருந்தாரே...” என்றான் சிச்சி.

“பதினோரு வருஷம்டா!” என்று அவள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக் கோழிகள் சிதறின. உள்ளே போய் அட்டைப் பெட்டியை எடுத்துவந்து அவன் நெஞ்சில் வைத்தாள். “இந்தா ஒன் ரேடியோ. நீயே வச்சுக்க. நாளைக்கு ஒன் தம்போராவாலதான் தோத்தோம்னு ஒருத்தன் நோட்டுல எழுதுவான். அன்னிக்கு ஒனக்கு வேணும்.”

சிச்சியின் முகம் அப்படியே செத்துப்போனது. இந்த யோசனை அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

அவர்கள் உலிசெஸ் வீட்டுக்குப் போனார்கள். தொமசீனா உண்மையாகவே அழுதாள் என்றும், மற்ற இரண்டு பேரும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்றும் கேள்வி. ஆரஞ்சு கொண்டுபோகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒந்தினா நீலக் கவுன் போட்டுக்கொண்டு வந்தாள். உலிசெஸ் அவளுக்கு வலது பக்கம் உட்கார்ந்தார், தூண் நிழல் அங்கேதான் விழும் என்று. தலைநகர் அணி. அவர்கள் முன்னால் எங்கள் நண்டுகள் எப்படி ஆடினார்கள் என்று கேட்காதீர்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் பூஜ்யத்துக்கு நாலு.

உலிசெஸ் காப்பிக்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு முழங்காலைப் பார்த்தார். முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“போங்க,” என்றாள் ஒந்தினா. “போய் வாங்கிட்டு வாங்க. எனக்கும் ஒண்ணு. சர்க்கரை தூக்கலா.”

“வேண்டாம் தோன்யா. இந்த இன்னிங்ஸ் முடியட்டும்.”

“எந்திரிங்க.”

அவர் எழுந்தார். காலரி முழுக்க ஒரு முனகல் ஓடியது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் கால் வைத்தார், மைதானத்தில் டக்கென்று ஒரு சத்தம். தலைநகர்க்காரன் அடித்த பந்து வேலிக்கு மேலே பறந்து போனது. பூஜ்யத்துக்கு ஐந்து.

உலிசெஸ் நடுவழியில் நின்றுவிட்டார். தம்போரா மேல் குச்சி அந்தரத்தில் நின்றது. சிச்சியின் தலை மெல்ல, மெல்ல மூன்றாம் படியை நோக்கித் திரும்பியது. அவனோடு நாலாயிரம் தலையும் திரும்பின.

ஒந்தினா எழுந்து நின்று கரண்டியால் மூடியை ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

“என்னடா இங்க பாக்கற? பந்து அங்க இருக்கு!”

சிச்சி மைதானத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். உலிசெஸ் காப்பி வாங்கப் போனார்.